சும்மா பாத்துட்டுப் போங்க

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரைக் கும்பிட்டு வெளியே வந்தால் முதலில் கிடைப்பது பட்டுத் தரகரின் கடாட்சம். "வாங்கவே வேணாம் சார், சும்மா தறியைப் பாத்துட்டுப் போங்க."

கடை முகப்பில் ஒரு தறி. மூன்று நாடா ஓட்டி, உடலோடு கரையைக் கோர்வையில் சேர்க்கும் அழகில் கண் சொக்கி நிற்கும்போது, கையில் பாலியெஸ்டர் கலந்த விசைத்தறிச் சேலை வந்து விழும். புவிசார் குறியீடு, சில்க் மார்க், கைத்தறி முத்திரை எல்லாம் இருக்கத்தான் இருக்கின்றன. அசல் பட்டிழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும் என்பதும் ஊரறிந்த சங்கதி. ஆனால் காபி கொடுத்து "அக்கா" என்று குழைந்தவரிடம் தீப்பெட்டி கேட்க யாருக்கு மனசு வரும்?

7ஆம் நூற்றாண்டில் காஞ்சியின் போலிச் சாமியார்களைக் கிண்டலடித்து 'மத்தவிலாசம்' நாடகம் எழுதிய பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், பட்டுத் தரகரை மட்டும் விட்டுவிட்டான். அரண்மனைக்கும் கமிஷன் போனதோ என்னவோ!