முக்கொம்பும் புகழ் மண்டபமும்: ‘ஒன்று குறை’க் கோட்பாடு பற்றி ஓர் ஆய்வு

ஓய்வு பெற்ற கிரிக்கெட்காரர்களில் யார் யார் புகழ் மண்டபத்துக்குள் போகலாம் என்று முடிவு செய்வது துபாயில் இருக்கும் ஐசிசி என்பது பரவலான நம்பிக்கை. இது பிழை. அந்த அதிகாரம், மாதத்தில் ஒரு ஞாயிறு முக்கொம்புப் பூங்காவுக்கு வந்து அமரும் ஐந்து பெரியவர்களிடம் இருக்கிறது. நால்வர் ஸ்ரீரங்கம், ஒருவர் திருவானைக்காவல். ஐவருமே ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றவரை எடைபோட ஓய்வு பெற்றவரே தகுதியானவர் என்பது தொல்மரபு (டீக்கடை பெஞ்சு, இடது ஓரம்).

முதலில் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி. அது இல்லாவிட்டால் இதை யாரும் கட்டுரை என்று ஒப்பமாட்டார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதால் முக்கொம்பு என்பர். 1836இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியதும் இந்தப் பிரிவில்தான். ஆயினும், “உமக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?” என்று ஒரே மாலையில் மூன்று முறை கேட்கப்பட்ட இடம் என்பதே பொருத்தமான விளக்கம்.

மண்டபம் 2009இல் தொடங்கியது. 2025 வரை உள்ளே போன இந்தியர்கள் 11 பேர், கச்சிதமாக ஒரு டீம். தமிழ்நாட்டு அணிக்கு ஆடியவர் அதில் ஒருவரும் இல்லை. தோனி இருக்கிறாரே என்பார்க்கு விடை: தோணி என்னும் சொல்லை வேராகக் காட்டி அவரைத் தமிழராக்கும் கட்டுரை தனியே வரும். இதைவிட மெல்லிய நூலில் யானையைக் கட்டி முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே உலவுகிறார்கள்.

இனி தகுதியாளர்.

ஸ்ரீகாந்த்: 1983 இறுதியாட்டத்தில் 38, இரு தரப்பிலும் அதுவே அதிகம், மேலே போகலாம்.

அஸ்வின்: 537 டெஸ்ட் விக்கெட். 2024 டிசம்பரில்தான் ஓய்வு. ஐந்து வருஷம் ஆற வேண்டும் என்பது விதி. காபியாக இருந்தால் நாமே ஆற்றிவிடலாம்.

வெங்கட்ராகவன்: பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்ற சுழல் நால்வரில் பேடிக்கு மட்டும் கதவு திறந்தது. “தேவாரம் பாடினவர்களில் ஒருத்தரை உள்ளே விட்டுட்டு, மத்தவாளை நந்திக்குப் பின்னாடி நிறுத்தின மாதிரி” என்றார் திருவானைக்காவல்காரர். தேவாரத்துக்கு மூவர்தானே என்று ஒருவர் திருத்தியதில் அரை மணி நேரம் போயிற்று. வெங்கட் 57 டெஸ்டில் 156 விக்கெட் எடுத்தவர், 1975, 1979 உலகக் கோப்பைகளில் கேப்டன், பிறகு 73 டெஸ்டுக்கு அம்பயர். ஊரார் விரலைப் பார்த்து நின்றார்கள்; அவருக்கு விரல் தூக்கத்தான் ஆளில்லை.

எம்.ஜே. கோபாலன்: 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைப் போட்டவர். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுக் கிரிக்கெட் டூருக்குப் போனார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது, இவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது ஐவரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

வி.வி. குமார்: இரண்டே டெஸ்ட். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்.

இந்த 599தான் ஆய்வாளனைத் தூங்கவிடவில்லை. ஏன் 600 இல்லை? பிராட்மேனைப் பாருங்கள். 1948இல் ஓவல் மைதானத்தில் நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி 100. ஹாலிஸ் பந்தில் பூஜ்யம், 99.94. அமெரிக்கப் பேஸ்பால் மண்டபத்துக்கு எழுத்தாளர் ஓட்டில் 75 சதவீதம் போதும். டெரெக் ஜீட்டருக்கு 2020இல் 397க்கு 396 விழுந்தது. இச்சிரோவுக்கு 2025இல் 394க்கு 393. அவ்வளவு ஏன், ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 953. ஆக, மண்டபம் என்று ஒன்று இருந்தால் அதில் குறை ஒன்று இருந்தே தீரும். இதுவே ‘ஒன்று குறை’க் கோட்பாடு (மீன் வறுவல் மடித்த தாள், பத்தி 2, எண்ணெய் ஊறாத பகுதி, மீன் தொடாத ஒருவர் தாளை மட்டும் கேட்டு வாங்கி வாசித்தது).

ஜீட்டருக்குக் கைதூக்காத அந்த ஒருவர் யார்? அவர் ஸ்ரீரங்கத்துக்காரர் என்பது என் துணிபு. ஐவரில் ஒருவர் பத்து வருஷமாக எதற்கும் கை தூக்கியதில்லை, கொசு அடிக்கத் தவிர (மேற்படித் தாளின் பின்பக்கம், நகைக்கடை விளம்பரத்தை வெயிலில் பிடித்தால் தலைகீழாகத் தெரியும் மூன்றாம் வரி; மிளகாய்ப்பொடி ஒட்டியிருப்பதால் ‘கை’ என்பதைக் ‘கால்’ என்று கொள்வாரும் உளர்; அவர்கள் பாடத்தை நாம் மதிப்பதில்லை, அவர்களும் நம்மை மதிப்பதில்லை).

முத்தையா முரளிதரன் கணக்காக 800 எடுத்து, 2016இல் உள்ளேயும் போனாரே? மரியானோ ரிவேரா 2019இல் 425க்கு 425 வாங்கினாரே? நல்ல கேள்விகள். கோட்பாட்டுக்கு ஒத்துவராத சான்றுகளுக்குத் தமிழாய்வில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: இடைச்செருகல்.

கடைசியில் குமார் பெயர் ஓட்டுக்கு வந்தது. நாலு கைகள் எழுந்தன. 80 சதவீதம், தேறிவிட்டார். ஐந்தாமவர் மட்டும் மசால் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஓய், உமக்கு என்னதான் ஆட்சேபணை?”

“அறுநூறு ஆகட்டும், பார்ப்போம்” என்றவர், வடை தின்ற கையை மூல ஆவணத்தில் துடைத்து, கசக்கி எறிந்தார்.