ஏழரை பஸ்

(திருகோணமலை பஸ் நிலையம். காலை 7.15. கிண்ணியா போகும் தனியார் பஸ்ஸில் ஆறேழு பேர். மற்ற ஆசனங்களில் மரக்கறி உரப்பைகள் சொகுசாக அமர்ந்திருக்கின்றன. பஸ்ஸுக்கு வெளியே, கிண்ணியாவில் கந்தோர் வேலை பார்க்கும் பெண், கையில் கொப்பியோடு. பக்கத்தில் கழுத்தில் விசிலோடு டைம்கீப்பர்.)

தங்கச்சி: அண்ணை, இண்டைக்காவது ஏழரைக்கு எடுப்பினமோ?

டைம்கீப்பர்: ஏழரைக்கு ஸ்டார்ட் பண்ணுவினம். நிண்டு உறுமும். நிரம்பினாப் பிறகு வெளிக்கிடும்.

தங்கச்சி: எங்கட கந்தோரில விரல் வைக்கிற மெஷினுக்கு நீங்க நிரப்பின கதை விளங்காது.

டைம்கீப்பர்: மெஷினுக்கு இரக்கமில்லாட்டி நான் என்ன செய்ய? பாருங்கோ, பின்னேரம் முதலாளிக்கு ஒரு தொகை கட்டவேணும். டீசலும் அடிச்சு மிஞ்சினதில்தான் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் சம்பளம். வெறும் சீற்றை ஏத்திக்கொண்டு போனால் அவங்க என்னத்தைத் தின்னுறது?

தங்கச்சி: அதுக்காக என்ர லீவைத் தின்னுறாங்களாக்கும்.

டைம்கீப்பர்: கோபமெண்டால் முறைப்பாடு செய்யுங்கோவன். 1955 இருக்கு, 1958 இருக்கு.

தங்கச்சி: ரெண்டில எது?

டைம்கீப்பர்: (அப்புக்காத்தின் களை முகத்தில் ஏற) ரெண்டுமில்லை! 1955 தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. கொழும்பு போற 49 மாதிரி மாகாணம் தாண்டுற பஸ்ஸுக்கு. 1958 இ.போ.ச.வின்ர சிவப்பு பஸ்ஸுக்கு. இது கொழும்புக்கும் போகாது, சிவப்பும் இல்லை. இது மாகாணத்துப் பிள்ளை. 1987இல அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தம் மாகாண சபைக்கு எழுதிக் குடுத்தது. அந்த மாகாண சபையின்ர காலம் 2017இல முடிஞ்சுது. தேர்தல் இன்னும் வெளிக்கிடேல்ல. அதுவும் நிரம்பக் காத்து நிக்குதோ தெரியாது.

தங்கச்சி: சபை இல்லாட்டியும் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை இருக்கு. பெர்மிட் அவையின்ர. அதில நேரமும் இருக்கும்.

டைம்கீப்பர்: இருக்கும். லாச்சிக்குள்ள பத்திரமா இருக்கும்.

தங்கச்சி: திறப்பு என்னட்ட. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேலாது. 14 வேலைநாளுக்குள்ள தகவல் அலுவலர் முடிவு சொல்லவேணும். நேரசூசி கைக்கு வந்திட்டுது. 7.30 எண்டு கிடக்கு.

டைம்கீப்பர்: நானும் 7.30 எண்டுதான் எழுதுறன். என்ர லொக் ஷீட்டைப் பாருங்கோ, ஒருநாளும் பிந்தேல்ல.

தங்கச்சி: அதுதான் அதிசயம். இஞ்ச ஏழரைக்கு வெளிக்கிட்ட பஸ் சீனக்குடாவுக்கு எட்டேகாலுக்குப் போகுது. நடந்தோ போகுது? சீனக்குடாவில ஒராள், வெள்ளைமணலில ஒராள், கிண்ணியாப் பாலத்தடியில ஒராள் நிண்டு போனில படமெடுத்து நேரம் எழுதினம். உங்கட லொக் ஷீட்டின்ர பிரதிக்கும் விண்ணப்பம் போட்டாச்சு. ரெண்டையும் பக்கத்தில வைச்சு அதிகாரசபைக்கு ஒண்டு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒண்டு.

டைம்கீப்பர்: (குரல் இறங்கி) தங்கச்சி, மாக்கெற்றுக்கு வந்த சனம் பாவமெண்டுதானே நிப்பாட்டி வைக்கிறம்.

தங்கச்சி: வழியில மட்கோவில பஸ்ஸுக்கு வெயிலுக்க நிக்கிற சனம் பாவமில்லையோ?

டைம்கீப்பர்: சிவப்பு பஸ்காரரை ஒண்டும் கேக்கமாட்டீங்க. சீசன் டிக்கட் பிள்ளைகளைக் கண்டால் அவையில சிலருக்குக் கண்ணே தெரியாது.

தங்கச்சி: அதுக்கு வேற கொப்பி வாங்கி வைச்சிருக்கிறம்.

(டைம்கீப்பர் ஒரு கணம் யோசிக்கிறார். பிறகு நீளமாக விசில் ஊதுகிறார். உரப்பைகள் குலுங்க பஸ் பறக்கிறது.)

தங்கச்சி: அண்ணை! அது என்ர பஸ்! இன்னும் ஏழரை ஆகேல்லயே!

டைம்கீப்பர்: பிந்தக்கூடாது எண்டீங்க. பிந்தேல்ல.

(தங்கச்சி கொப்பியைத் திறக்கிறார்.)

டைம்கீப்பர்: இப்ப என்னத்தை எழுதுறீங்க?

தங்கச்சி: 7.24. பெர்மிட்டில அப்பிடியொரு பஸ் இல்லையே, அண்ணை.