வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான்

நியூஜெர்சி
பிப்ரவரி 2004

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

"சந்திரனுக்கு ஆள் அனுப்பின நாட்டில் இந்தக் குப்பை மெயிலை நிறுத்த ஒரு சட்டம் கிடையாதா?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. டிசம்பரில் புஷ் கையெழுத்துப் போட்டு, ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தாயிற்று. கவலையே அதுதான்.

'கேன்-ஸ்பாம்' என்று பெயர். அனுப்புகிறவர் பெயரைத் திரிக்கக்கூடாது, பொய்த் தலைப்புப் போடக்கூடாது, தபால் விலாசம் தர வேண்டும், 'இனி அனுப்பாதே' என்று சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மெயிலுக்கு நம் சம்மதம் தேவையில்லை. அதாவது, விற்க வந்தவன் நேராகக் கூடத்தில் வந்து உட்காரலாம். விலாசத்தை மட்டும் எழுதி வைத்துவிட வேண்டும். 'போய்யா' என்று நாம் சொன்னால் பத்து வேலை நாளுக்குள் எழுந்து போக வேண்டும். சனி, ஞாயிறு கணக்கில் சேராது. அவன் போனால் அடுத்த கம்பெனிக்காரனுக்கும் அதே உரிமை. கம்பெனிகளுக்கு இங்கே பஞ்சமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 'வேண்டாம்' சொல்லியே ஆயுசு போய்விடும். இதைவிட வேடிக்கை, கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த 'வேண்டாம்' பொத்தானைத் தொடாதே என்கிறார்கள். அமுக்கினால், இந்த முகவரியில் உயிரோடு ஒரு ஆள் இருக்கிறான் என்று மோசடிக்காரனுக்கு நாமே தெரிவித்தது போலாகுமாம். அமுக்கினால் ஆபத்து, அமுக்காவிட்டால் சம்மதம். அமெரிக்கப் பாராளுமன்றம் கூடி விவாதித்து நமக்கு வாங்கிக் கொடுத்திருக்கிற உரிமை இது. பொய்ப் பெயரில் வயாகரா விற்கிறவன் நிஜ விலாசம் எழுதுவான் என்று நம்பியவர்களை என்ன சொல்ல!

தபாலில் வரும் விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்கிறோமே, இதில் என்ன என்பீர்கள். தபாலில் அச்சுக்கூலியும் தபால் செலவும் அனுப்புகிறவன் தலையில். அதனால் யாருக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறான். மெயிலில் இன்னும் பத்து லட்சம் பேருக்கு அனுப்ப அவனுக்கு ஏறக்குறைய ஒன்றும் செலவில்லை, செலவெல்லாம் வாங்குகிறவனுக்கு. பிரவுசிங் சென்டரில் நேரத்துக்குக் காசு கொடுத்து நீங்கள் அழிக்கிறீர்கள். ஹாட்மெயில் தருவதே 2 எம்பி. குப்பையில் அது நிரம்பிவிட்டால் சீனுவின் நிச்சயதார்த்த போட்டோ திரும்பிப் போய்விடும். 1978இல் டெக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை ஆள் ஒருவர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு அனுப்பிய விளம்பரம்தான் இந்த வகைக்கு ஆதி என்கிறார்கள். 1994இல் அரிசோனா வக்கீல்கள் இருவர் ஆயிரக்கணக்கான செய்திக் குழுக்களில் கொட்டியது கிரீன் கார்டு லாட்டரி விளம்பரம். இந்தத் தொழிலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தூண்டிலில் மாட்டியிருந்தது இங்கே பிழைக்க வந்த எங்கள் ஜாதியின் ஆசைதான், என்ன செய்ய!

வடிகட்டி போடலாமே என்றால், போடுகிறார்கள். 2002இல் பால் கிரகாம் என்பவர் எழுதிய யோசனைப்படி, எந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது என்று கணக்குப் பார்த்து ஒதுக்குவது நன்றாகவே வேலை செய்கிறது. உடனே குப்பை அனுப்புகிறவர்கள் ஆங்கில 'ஐ'க்குப் பதில் 1 போட்டு எழுதுகிறார்கள். அதைக்கூட வடிகட்டி கற்றுக்கொள்ளும். ஆனால் நாம் திஸ்கி என்கிற தமிழ்க் குறியீட்டு முறையில் தலைப்புப் போட்டால், இதென்ன கண்டமேனிக்கு எழுத்து என்று சில வடிகட்டிகள் அதற்கும் மார்க் போட்டுவிடுகின்றன. நூறு குப்பை உள்ளே வந்தால் எரிச்சல்தான். வீட்டுக் கடிதம் ஒன்று தொலைந்தால் அது வேறு.

போன மாதம் டாவோஸில் பில் கேட்ஸ், இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும் என்றார். அனுப்புகிறவனிடம் காசு வாங்குவதும் அவர் சொன்ன வழிகளில் ஒன்று. அவருக்கென்ன, அவரால் முடியும். வைரஸ் புகுந்த அடுத்தவன் கம்ப்யூட்டரிலிருந்து குப்பை கிளம்புகிற காலத்தில் அந்த பில் யாருக்குப் போகும்? தவிர, காசில்லாமல் இருப்பதால்தான் பெரியம்மா மழை பெய்ததைக்கூட எழுதச் சொல்கிறார். தபால்தலை ஒட்ட வேண்டுமென்றால் கல்யாணம், சாவு மட்டும்தான் எனக்கு வந்து சேரும்.

ஐரோப்பாவில் 2002லேயே, முதலில் கேட்டுவிட்டு அனுப்பு என்று விதித்துவிட்டார்கள். திருடன் அதை மட்டும் மதிப்பானா என்றால், மாட்டான். ஆனால் கேட்காமல் வந்ததெல்லாம் குற்றம் என்று ஆகிவிட்டால், இது சட்டப்படியான குப்பையா, சட்டவிரோதக் குப்பையா என்று யாரும் ஆராய வேண்டாம். மெயில் கம்பெனி தயங்காமல் வாசலிலேயே தூக்கி எறியலாம். இங்கே அந்தக் கௌரவக் குப்பையின் முதுகுக்குப் பின்னால் மற்றது ஒளிந்துகொள்கிறது.

சீனு கல்யாணத் தேதி முடிவானதும் எழுதுங்கள். தலைப்பில் 'அர்ஜென்ட்', 'மனி' எதுவும் வேண்டாம், வடிகட்டி விழுங்கிவிடும். ஆங்கில எழுத்தில் 'சீனு கல்யாணம்' என்று போட்டால் போதும்.

தங்கள் அன்புள்ள,
ரவி