சல்லீசு சவுண்டுக்காரர்

உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, "இது என்ன விலை இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்?" என்று ஒருவர் கேட்டால் சரியான விலையைச் சொல்லிவிடக் கூடாது. கேட்டவர் மனசு ஒடிந்துபோகும். பத்தாயிரம், பதினஞ்சாயிரம் என்று தாராளமாகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறார். நீங்கள் சொன்னதும் கொஞ்சம் நிறுத்தி, "ஆயிரத்து முந்நூறுங்க!" என்பார். விலையை ஏற்றிச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர்கள் உண்டு. எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் இறக்கிச் சொல்வதுதான் பெருமை. அந்தப் பெருமையின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர் சல்லீசு சவுண்டுக்காரர்.

உக்கடத்தைச் சுற்றி வீதிக்கு ஒருவராவது தேறுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தொழில் மோட்டார் ரீவைண்டிங், லேத், வெல்டிங் என்று ஏதாவது ஒன்று. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர். நோம்பிக்கு மைக் செட் கட்டுகிறவரோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள், அது பிழைப்பு. இவருக்கு வேண்டியது வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அதற்குத் தோதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத்தான் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், உக்கடத்தில் பழைய சாமான் விரிக்கிற இடத்தில் அவரைப் பார்க்கலாம். வந்ததும் ஸ்பீக்கர் பக்கம் திரும்ப மாட்டார். மிக்ஸி ஜார் விலை கேட்பார், இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார். கால் தவறிப் பட்டதுபோல ஒரு ஸ்பீக்கரை எடுப்பார். இரண்டு கட்டைவிரலையும் கோனின் இரு பக்கமும் வைத்து மெல்ல அழுத்துவார். உள்ளே 'கரகர' என்று உரசினால் காயில் போச்சு, கீழே வைத்துவிடுவார். உரசவில்லை என்றால் மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம். கருகின வைண்டிங் வாசம் அவருக்குத் தெரியாமல் தப்பாது. அடுத்து பையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் வரும். ஒயரை வைத்ததும் 'டப்' என்று கோன் வெளியே துள்ள வேண்டும். அப்படித் துள்ளினால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் ஸ்பீக்கருக்கும் பிளஸ். ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பாஸ் காணாமல் போய்விடும்.

கடைசியில் மீட்டர்.

"ஏனுங் பாய், பின்னால எட்டு ஓம்ஸுன்னு போட்டிருக்குது. மீட்டர்ல ஆறுதான் காட்டுது?"

"பழசுங்கண்ணா. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"ரெண்டு ஓம்ஸு கொறையுதுங்களே. அதுக்குத் தகுந்தாப்புல விலையையுங் கொறைங்க."

எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கர் ஷோரூமிலிருந்து புதிதாக வந்தாலும் மீட்டரில் ஏறக்குறைய ஆறுதான் காட்டும். மீட்டர் அளப்பது கம்பிச் சுருளின் டிசி ரெசிஸ்டன்ஸை. அட்டையில் போட்டிருக்கும் எட்டு, பாட்டு ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் பார்க்கிற இம்பீடன்ஸ். இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். பாய்க்கும் தெரியும். இந்த இரண்டு ஓம்ஸுக்கென்றே விலையில் முன்கூட்டி நூறு ரூபாய் சேர்த்து வைத்திருப்பவர் அவர்.

அண்ணன் வாலிபராக இருந்த காலத்தில் ஆம்ப்ளிஃபயர் என்றால் கனம். சான்யோ கம்பெனியின் 4440 ஐசி, அதன் முதுகில் ஒரு பாளம் அலுமினியம், 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். டிரான்ஸ்ஃபார்மரை அவரே சுற்றுவார். ஒரு கையால் தூக்க முடிந்தால் அது நல்ல செட் இல்லை என்பது அன்றைய சித்தாந்தம். கடையில் விற்ற செட்டுகளின் அட்டையில் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்த காலமும் அதுதான். வீட்டுக்குள் வரும் மொத்தக் கரண்டைவிட அட்டையில் அதிகக் கரண்டு ஓடும்.

பிறகு கிளாஸ்-டி வந்தது. அண்ணன் மதம் மாறினார். அந்த மாற்றத்தை ஸ்தல புராணம் மாதிரி சொல்லுவார். அத்யா திரிபாதி என்ற நம் நாட்டு இன்ஜினீயர் அமெரிக்காவில் டிரைபாத் என்று கம்பெனி வைத்தார். அவர்களுடைய டிஏ2024 என்ற சில்லைப் போட்டு நாற்பது டாலருக்கும் குறைவாக ஒரு பிளாஸ்டிக் ஆம்ப்ளிஃபயர் வந்தது. பென்சில் பேட்டரியில் ஓடும். லட்சக்கணக்கில் செலவழித்து செட் வைத்திருந்தவர்கள் அதைக் கேட்டு ஆடிப்போனார்கள். உலகத்தைக் கலக்கின 25 சில்லுகள் என்று ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் பத்திரிகை 2009இல் போட்ட பட்டியலில் அவர்களுடைய டிஏ2020 சில்லும் உண்டு. ஆனால் 2007லேயே கம்பெனி திவாலாகிவிட்டது. "சல்லீசா வித்தா அப்படித்தானுங்க ஆகும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதைவிடச் சல்லீசாகக் கேட்கிறவர் அவர்தான்.

சூட்சுமத்தையும் சொல்லிவிடுவார். பழைய ஐசியில் டிரான்சிஸ்டர் பாதி திறந்து பாதி மூடிக் கிடந்து சூடாகிக்கொண்டே இருக்கும். கிளாஸ்-டியில் முழுக்கத் திறக்கும், முழுக்க மூடும், விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை. வீணாகும் கரண்டு கொஞ்சம், சூடும் கொஞ்சம். அதனால்தான் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி இதே மாதிரி ஒன்றை வாங்கி வந்தான். முகப்பில் '100 வாட்ஸ்' என்று தங்க எழுத்து. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116. வைஃபை பெட்டியின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரைச் செருகியிருந்தான். கொஞ்சம் சத்தம் வைத்தால் பாட்டு விக்குகிறது.

"தம்பி, வரும்படி பன்னெண்டு வாட்ஸு. செலவு நூறு பண்ணோணும்னா எப்படிச் சாமி?"

பழைய லேப்டாப் சார்ஜர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 19 வோல்ட், 3.42 ஆம்பியர், ஆக 65 வாட்ஸ். விக்கல் நின்றது. அந்தச் சில்லுக்குச் சொல்லியிருக்கிற ஐம்பதும் ஐம்பதும் 21 வோல்ட்டில், நாலு ஓம்ஸ் ஸ்பீக்கரில், பத்து சதவீதம் பாட்டு நசுங்கினால் வருகிற கணக்கு என்பதையும் விளக்கினார். எட்டு ஓம்ஸ் போட்டால் கிட்டத்தட்டப் பாதிதான்.

"பாதி போதுமுங்களா அண்ணா?"

"எதேஷ்டம் கண்ணு. நல்ல ஸ்பீக்கர் ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் குடுக்கும். பத்துக்குப் பன்னெண்டு ரூமுல அதுக்கு மேல வெச்சா உங்கம்மா வந்து பிளக்கப் புடுங்கிருவாங்க. காதுக்கு ரெண்டு பங்கு சத்தம் வேணும்னா பத்து பங்கு வாட்ஸ் வேணும். அதனால வாட்ஸப் பாக்காதே, ஸ்பீக்கரோட டெசிபலப் பாரு. 87க்குப் பதிலா 90ன்னு கிடைச்சா ஆம்ப்ளிஃபயர் ரெண்டு பங்கு ஆன மாதிரி."

இதில் ஒரு சொல் தப்பில்லை. சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் பார்க்கும் சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான். இதைச் சாயங்காலம் ஏழு மணிக்குச் சொன்னவர், எட்டு மணிக்குத் தனக்கு இன்னும் பெரிய போர்டு ஒன்றை ஆர்டர் போட்டார். ஐம்பதிலிருந்து நூறு வாட்ஸுக்குப் போனால் கிடைப்பது மூணு டெசிபல். உபதேசம் ஊருக்கு, கூரியர் வீட்டுக்கு.

வீட்டில் அம்மிணிக்கு வேறு கவலை.

"ஏனுங் மாமா, பொங்கப் பானையக் காணமுங்களே?"

பானை ஹாலில் இருந்தது. அதன் வாயில் ஆறரை இன்ச் கார் ஸ்பீக்கர் ஒன்று திருகப்பட்டிருந்தது. பெட்டியில்லாத ஸ்பீக்கரில் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாஸைத் தின்றுவிடும். பின்பக்கத்தை அடைத்தாக வேண்டும். பிளைவுட் விலைக்குப் பானை சல்லீசு.

"பாஸ் எப்படி உருண்டு வருது, கேளு அம்மிணி."

"தைக்கு அந்தப் பாஸத்தான் படைக்கறதுங்களா?"

ஸ்டீரியோவுக்கு இரண்டு பானை வேண்டும் என்பதை அண்ணன் அன்றைக்குச் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்கு ஒறம்பரை போனால் காப்பிக்கு முன்னால் செட் கேட்க வேண்டும். நாற்காலி இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில், டேப் பிடித்துப் போடப்பட்டிருக்கும். தலையை அசைக்கக் கூடாது. 'திருடா திருடா' (1993) படத்தில் சாகுல் ஹமீது பாடின பாட்டை வைப்பார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு விருந்தாளி மரியாதைக்கு, "தபேலா பிரமாதமுங்க" என்பார். அந்தப் பாட்டில் வாத்தியமே கிடையாது. எல்லாம் மனிதக் குரல். அண்ணன் ஒரு நிமிஷம் நொந்துபோவார். பிறகு அவரே தேற்றிக்கொள்வார்: "இல்லாத தபேலாவே கேக்குதுன்னா செட்டு எப்படி இருக்கோணும்!" 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்ததிலிருந்து பொள்ளாச்சி பஸ் ஹார்ன் மேலே போய்விட்டதாகவும், தன் செட்டில் பின்னணி இரைச்சல் குறைந்திருப்பதாகவும் சொல்வார். பல்லவி முடியும் முன் பாட்டை நிறுத்தி ஒயரைக் கழற்றி வேறு ஜோடியை மாட்டுவார். அந்த வீட்டில் எந்தப் பாட்டும் சரணத்தைப் பார்த்ததில்லை.

ஆம்ப்ளிஃபயர் ஆயிரத்து முந்நூறு என்பது சத்தியம். அதற்கு வாங்கிய அடாப்டர், ப்ளூடூத் போர்டு, செம்பு ஒயர், பரண் நிறைய ஸ்பீக்கர்கள், புதுப் பானைகள் எல்லாவற்றையும் கூட்டினால் கடையில் ஒரு நல்ல செட்டே வந்திருக்கும். கேட்டால், "அது வேற கணக்குங்க" என்பார்.

எச்சரிக்கை ஒன்று. விடைபெறும்போது உங்கள் கையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பேப்பரில் சுற்றித் திணிப்பார். "காசெல்லாம் வேண்டாமுங்க, சும்மா ஓட்டிப் பாருங்க." வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேட்டரியும் ஒயருமாக உக்கடத்தில் நிற்கப்போவது நீங்கள். தப்பிக்க ஒரே வழி, "ஜோடியா ஸ்பீக்கரும் குடுங்க, எடுத்துக்கறேன்" என்று கேட்பது. கொடுக்கவே மாட்டார். அந்த ஜோடிக்குத் தோதான ஆம்ப்ளிஃபயர் நாளைக்குக் கூரியரில் வருகிறது.