கோழிக்கு ராச்சோறு உண்டா?

இலஞ்சி வாசகி: அண்ணாச்சி, நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு ராத்திரியும் தீனி வைக்கணுமா?

எந்தத் தாய்க்கோழி நடுச்சாமத்தில் எழுந்து பந்தி போட்டது? இறக்கைக்குள் அடைந்துவிட்டால் விடியும்வரை வெறும் தூக்கம்தான். அதனால் அந்தியில் வயிறாரக் கொடுங்கள். இல்லை, கழுத்தாரக் கொடுங்கள்! இரைப்பை இருப்பது கழுத்தடியில். அடையுமுன் அதை நிரப்பிக்கொண்டு, ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொள்ளும். தொட்டுப் பாருங்கள். புடைத்திருந்தால் ரெண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பாவூர்சத்திரம் வாசகர்: தாய் இல்லை. பொரிப்பகத்தில் வாங்கிய ஒருநாள் குஞ்சு.

அப்போ சட்டம் வேறு. முதல் 2, 3 நாள் ராத்திரியும் வெளிச்சம் அணையக் கூடாது. தீனி, தண்ணீர் இருக்குமிடம் அதற்குப் பழக வேண்டும். பொரிக்கும்போதே மஞ்சள்கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இருக்கும், ரெண்டு நாளுக்குத் தாங்கும். கட்டுச்சோற்றோடு பிறக்கிற பயல். அந்தத் தைரியத்தில்தான் அட்டைப்பெட்டியில் பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்திருக்கிறான்.

மேலகரம் வாசகி: சாரல் நாளில் ராத்திரி முழுக்கக் கத்துதே, பசியா?

குளிர், தாயி! முதல் வாரம் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்புக்கடியில் குவிந்தால் குளிருது. ஓரத்துக்கு ஓடினால் வேகுது. பரவிப் படுத்தால் சரி. குவியலில் அடியில் மாட்டியது நசுங்கியே செத்துப்போகும். நடுங்குகிற குஞ்சுக்குக் கம்பை அள்ளிப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

சுரண்டை வாசகர்: ஒரு மாதக் குஞ்சு. விடிய விடிய லைட் போட்டால் சீக்கிரம் வளருமே?

அது ஆறு வாரத்தில் லாரி ஏறுகிற கறிக்கோழிக் கணக்கு. அதற்கே தூக்கம் கெட்டால் கால் பலவீனப்படும். லைட்டை அணையுங்க தம்பி, கரண்டு பில்லும் தூங்கும்.

பண்பொழி வாசகர்: மிச்சத் தீனியைக் கூட்டிலேயே விடலாமா?

விடலாம், எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்புக்கு எலியும் ஒன்றுதான், குஞ்சும் ஒன்றுதான். மலையடிவாரத்தில் மரநாய் வேறு. தட்டை எடுத்து உள்ளே வையுங்கள்.

செங்கோட்டை வாசகர்: சாரலில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கு. காயவைத்துப் போடவா?

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் மடிந்தன. துப்புத் துலக்கினால், பிரேசிலிலிருந்து போன பூஞ்சைக் கடலைப்புண்ணாக்கு! அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே அப்படித்தான். வெயிலில் ஈரம் போகும், நஞ்சு போகாது. குழி தோண்டிப் புதையுங்கள். சாரல் அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தீனி மூட்டை தரையில் படாமல் பலகைமேல் இருக்கட்டும்.

தென்காசி வாசகர்: இவ்வளவு பாடுபட்டு வளர்த்த கோழி கடைசியில் எங்கே போகும்?

சாயங்காலம் பிரானூர் பார்டர் கடைகள் பக்கம் போய்ப் பாருங்கள், புரோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருந்தால் மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.