ஆட்சென்ஸ் சமுகத்திற்கு ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கூகுள் நிறுவனத்தின் விளம்பர வருவாய்ப் பிரிவாகிய ஆட்சென்ஸின் மேலான சமுகம்.

பொருள்: 10 டாலருக்கும் 100 டாலருக்கும் இடையே நின்றுபோன வலைப்பதிவர்களின் கணக்கு குறித்து.

தனியொருவர் தம் போக்கில் எழுதிவைக்கும் வலைப்பதிவின் ஓரத்தில் விளம்பரத்தை ஒட்டி, அதைத் தட்டியவர்களையோ பார்த்தவர்களையோ எண்ணிப் பதிவருக்குக் காசு தரும் ஆட்சென்ஸ் என்னும் ஏற்பாட்டை நிறுவனம் 2003ஆம் ஆண்டில் தொடங்கியதும், பதிவு எழுதுவதற்கான பிளாகர் சேவையை அதே ஆண்டில் விலைக்கு வாங்கியதும், அதன் பயனாக எழுதும் இடமும் எழுத்துக்கான கூலியும் ஒரே கையிலிருந்து வரும் நிலை உண்டானதும் உலகறிந்தவை. தமிழும் எழுதப்படும் மொழிதான் என்பதை நிறுவனம் 2018 பிப்ரவரியில், அதாவது பதினைந்தே ஆண்டுகளில், கண்டுகொண்டு ஆதரவு பெற்ற மொழிகளின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் கூலி கேளாமல் ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதிக் குவித்த தமிழ்ப் பதிவர்களில் பலர் அதற்குள் முகநூலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர் என்பதற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது முறையாகாது. சம்பள நாள் வரும்வரை காத்திருக்கத் தெரியாதது அவர்கள் குற்றம்.

எஞ்சியோரில் ஹேவ்லாக்கில் இருந்து எழுதும் தமிழர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே அரசுப் படகில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள இத்தீவில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6,000 பேருக்குச் சற்று மேற்பட்டோரே வாழ்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து 1950களில் வந்து குடியமர்த்தப்பட்டோரின் வழியினர் எனினும், அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதி முழுவதையும் பார்த்தால் வங்காளி, இந்தி ஆகியவற்றுக்கு அடுத்து மிகுதியாகப் பேசப்படுவது தமிழே. ராதாநகர் கடற்கரையை 2004இல் டைம் இதழ் ஆசியாவிலேயே சிறந்ததென்று எழுதிய பின் தீவின் பிழைப்பு சுற்றுலாவின் பக்கம் சாய்ந்தது. ஆகவே இப்பதிவர் எழுதுவதும் பெரும்பாலும் எந்த மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும், படகுச் சீட்டு எப்போது தீர்ந்துபோகும், முத்துக்குளிப்பவரைப் போல், ஆனால் முதுகில் காற்றுக் கலனோடு, கடலுக்குள் இறங்கிப் பார்க்கும் ஸ்கூபா பயிற்சிக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா என்பன போன்ற செய்திகளே.

இத்தகைய பதிவரைச் சென்றடைய இந்திய அரசு பட்ட பாட்டையும் நிறுவனம் பட்ட பாட்டையும் ஒருங்கே நினைக்கையில் நெஞ்சு நெகிழ்கிறது. செயற்கைக்கோளை நம்பி இணையத்தில் ஊர்ந்துகொண்டிருந்த தீவுகளுக்காகச் சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை வடத்தை, சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில் இழுத்து, ஹேவ்லாக்கையும் அதில் ஒரு கிளையாகச் சேர்த்து, 2020 ஆகஸ்ட் 10 அன்று அரசு திறந்துவைத்தது. நொடிப்பொழுதில் செய்தி வந்துசேரும் அவ்வழியை நிறுவனம் தன் அவசரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பதிவரின் கணக்கில் 10 டாலர் சேர்ந்தவுடன், அவர் சொன்ன முகவரியில் உண்மையாகவே வாழ்கிறாரா என்று உறுதிசெய்யும் ஆறிலக்க இரகசிய எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு, சாதாரணத் தபாலில் அனுப்புகிறது. அந்தத் தபால் இந்தியாவுக்கு வந்து, அந்தமானுக்கு வந்து, ஜெட்டியில் படகேறி, கடல் அனுமதித்தால் தீவில் இறங்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் எண் உள்ளிடப்படாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். போதாக்குறைக்கு, வடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட 2018 டிசம்பர் 30 அன்றே ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய பெயர், புதிய பெயர் எதை எழுதினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடும் தபால்காரர் மட்டுமே இந்த முழு ஏற்பாட்டில் பதிவரை நேரில் அறிந்தவர் என்பதால், நிறுவனம் அவரையே நம்புவது ஒருவகையில் நியாயந்தான்.

அடுத்து, 10 டாலரைக் கடந்தவர் 100 டாலரை எட்டினாலொழியப் பணம் கைக்கு வாராது என்னும் விதி. ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் கிடைக்கும் தொகையை ஆயிரம் பார்வை வருவாய் என்பர். அது பார்ப்பவர் இருக்கும் நாடு, மொழி, அவருக்கு எதையேனும் விற்க முனைவோரின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கேற்ப ஏறி இறங்கும். கணக்கு வசதிக்காக அதை 1 டாலர் என்றே தாராளமாக வைத்துக்கொண்டால், 100 டாலருக்கு ஒரு லட்சம் பார்வைகள் வேண்டும். அதாவது கைக்குழந்தை முதல் முதியோர் வரை தீவிலுள்ள ஒவ்வொருவரும், பெரும்பாலோர் வங்காளி பேசுவோராயிருந்தும், அத்தமிழ்ப் பதிவைப் பதினாறு முறை திறந்து பார்க்க வேண்டும்.

அந்த 1 டாலர் எவ்வாறு பிறந்தது என்பதிலும் நிறுவனத்தின் கணிதப் புலமை போற்றத்தக்கது. விளம்பரதாரர் தரும் தொகையில் 68 விழுக்காடு பதிவருக்கு என்று 2010இல் அது வெளிப்படையாக அறிவித்தது. 2023 இறுதியில் கணக்கிடும் முறை மாற்றப்படுவதாக அறிவித்து, விளம்பரதாரரின் பக்கம் தன் விளம்பரக் கருவிக்கான கட்டணமாகச் சராசரியாக 15 விழுக்காட்டைக் கழித்து, மிஞ்சியதில் 80 விழுக்காடு பதிவருக்கு என்றது. 85ஐ 80ஆல் பெருக்கி 100ஆல் வகுத்துப் பார்த்த பதிவர்களுக்கு அதே 68 விடையாகக் கிடைத்தபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொற்களில் அடக்க இயலாது. மீன் இறங்குதுறையில் படகுக்காரருக்கும் வியாபாரிக்கும் ஒரே ஆள் தரகு பார்த்து, ஏலத்தையும் தாமே கூவி, ஏலம் நடக்கும் தரைக்கும் தாமே வாடகை வாங்கினால் அத்துறையில் சண்டை மூளும். பக்கம் திறக்கும் கணப்பொழுதுக்குள் விளம்பர இடத்துக்கான ஏலம் நடந்து முடிந்துவிடுவதால் இங்கே சண்டைக்கு நேரமில்லை. விளம்பர இடம் விற்போருக்கான கருவியிலும் ஏலச் சந்தையிலும் நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாக முற்றுரிமை பேணியது என்று 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்ததை இவ்விடத்தில் நினைவூட்டுவது நாகரிகமன்று. அவ்வழக்கு பெரிய பதிப்பாளர்களைப் பற்றியது, ஹேவ்லாக்கைப் பற்றியதன்று.

செல்லாத கிளிக் என்னும் கோட்பாட்டையும் தீவார் இன்னும் முழுதாகச் செரித்துக்கொள்ளவில்லை. மெய்யான ஆர்வமில்லாமல் விளம்பரத்தைத் தட்டுவதே செல்லாத கிளிக். அதற்கான பணம் விளம்பரதாரருக்குத் திருப்பித் தரப்படும், மிகுந்தால் கணக்கே முடக்கப்படும். பதிவர் தம் பக்கத்து விளம்பரத்தைத் தாமே தட்டலாகாது. எங்களை ஆதரியுங்கள் என்று விளம்பரத்தைச் சுட்டி எழுதவும் கூடாது. ஒருவருக்கொருவர் முகமறிந்த சிறு தீவில், நம்ம தம்பி எழுதினது என்று பாசத்தோடு தட்டிவைக்கும் கடைக்கார அண்ணனின் விரல், நிறுவனத்தின் பார்வையில் மோசடியின் விரலாகிறது. பாசத்தைப் பகுத்தறியும் நிரல் இன்னும் எழுதப்படவில்லை போலும்.

இவை யாவும் பொறுக்கத்தக்கவையே. பொறுக்கக் கடினமானது ஒன்றுண்டு. 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பின்னர் வர்தா எனப் பெயர் பெற்றுச் சென்னையின் மரங்களைச் சாய்க்கவிருந்த புயல்சின்னம் அந்தமானை முதலில் தாக்கியபோது, படகுப் போக்குவரத்து நின்று, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் வந்து மீட்க வேண்டியதாயிற்று. அத்தகைய நாளொன்றில் எந்த ஜெட்டியில் யாரை அணுகுவது, குடிநீருக்கு என்ன வழி, எத்தனை நாளுக்குப் பணம் கையிருப்பில் வைத்திருப்பது என்று எழுதப்படும் பக்கத்தைவிடப் பயன்மிக்க பக்கம் அப்பதிவில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் விளம்பரதாரர்கள் தம் பொருள் தோன்றக் கூடாத இடங்களை ஒதுக்கிக்கொள்ள நிறுவனம் தந்துள்ள பட்டியலில், துயரமும் மோதலும் என்றே ஒரு வகை இருக்கிறது. புயல், பலி, மீட்பு எனும் சொற்கள் நிறைந்த பக்கம் அவ்வகையில் சேரக்கூடும்; சேர்ந்தால் ஏலத்துக்கு வருவோர் குறைவர், குறைந்தால் விலை வீழும். அதே பதிவர், டிசம்பரில் கடல் எப்போதும் தாலாட்டும், தேனிலவுக்கு இதைவிடச் சிறந்த மாதமில்லை என்று எழுதிவிட்டால், விடுதிக்காரரும் விமான நிறுவனமும் முண்டியடித்துக்கொண்டு விலை கூறுவர். எச்சரித்தவனுக்குக் கால்காசும் ஏமாற்றியவனுக்கு முழுக்காசும் தருமாறு யாரும் விதி எழுதவில்லை. எழுதாமலேயே அவ்வாறு நடந்துவிடுகிறது என்பதே இதன் சிறப்பு.

அண்மைக்காலப் புதுமை பற்றி ஒரே வரி: நிறுவனத்தின் தேடுபொறி வழியாக 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், தேடியவருக்குத் தேடல் பக்கத்திலேயே விடையைச் சொல்லி அனுப்பிவிடுவதால், விடையை முதலில் எழுதிவைத்த பதிவரின் பக்கத்துக்கு ஆள் வருவதும், வந்து விளம்பரத்தைப் பார்ப்பதும் ஆகிய சிரமங்கள் படிப்படியாக நீக்கப்பட்டு வருகின்றன.

ஆகவே சமுகத்தின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் சிறியது. தீவுக்குத் தபால் அனுப்பும்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களைத் தவிர்க்கலாம். வருவாய் பிடிக்கப்படும்போது எந்தப் பக்கத்தில், எந்த நாளில், எந்தக் கிளிக்குக்காக என்று, மளிகைக் கடைச் சீட்டில் இருக்கும் அளவுக்கேனும் விவரம் தரலாம். மேலும், கணக்கை மூட விரும்பும் பதிவருக்கு 10 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே நிலுவை தரப்படும் என்பது விதியாதலால், ஒன்பது டாலர் சொச்சத்தோடு எழுத்தை நிறுத்திக்கொண்டவர்களின் பணம் உலகெங்கும் சேர்த்து எவ்வளவு, அது எந்தத் தலைப்பில் வைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு வட்டி உண்டா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். பதிலைத் தபாலிலேயே அனுப்பலாம்.

இங்ஙனம்,
நூறு டாலரை நோக்கியிருக்கும் தீவுப் பதிவர்கள் சார்பில்.