மலைச் சைக்கிள் வீழ்ச்சியும் மொட்டைமாடி எழுச்சியும்: ஓர் எட்டியல் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் என் மச்சினன் மலைச் சைக்கிளிலிருந்து விழுந்தான். இடப்பக்கக் காறை எலும்பு முறிந்தது. கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டபடியே நடமாடிக்கொண்டிருந்து தேறினான்.

செய்தி இவ்வளவுதான். ஆனால் மூன்று வாக்கியத்தில் முடிவதை முந்நூறு பக்கத்துக்கு நீட்டுவதே ஆய்வு என்று அறிஞர் கொண்டிருப்பதால் இக்கட்டுரை எழுந்தது. ஆய்வேட்டு மரபுப்படி மச்சினன் இனி 'ஆய்வுக்குட்பட்டவர்' எனப்படுவார். அந்த மரியாதை விகுதி கட்டுரைக்குள் மட்டும் செல்லும், வீட்டில் செல்லாது.

ஆய்வெல்லை: தேயிலைச் சரிவு முதல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை. கருதுகோள்: விழுந்தவர் எழுவார். 'மலைச் சைக்கிள்' என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்ற வழக்குக்குள் நாம் நுழையவில்லை. நுழைந்தவர்கள் யாரும் பழைய நண்பர்களாகத் திரும்பி வந்ததில்லை.

2. வரலாற்றுப் பின்புலம்

மலைச் சைக்கிளின் தாயகம் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டம். 1970களில் டமால்பயஸ் மலையைச் சுற்றியுள்ள சரிவுகளில் சில இளைஞர்கள் தடித்த டயர் வைத்த பழைய சைக்கிள்களை உருட்டிவிட்டு விளையாடினார்கள். 1976இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண்பாதையில் பந்தயமே தொடங்கிவிட்டது. அவர்களுடையது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். மலையடிவாரம் வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸெல்லாம் சூடேறிப் புகையாகிவிடும். அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு அரங்கேறியது.

டமால்பயஸ் என்ற பெயர் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கடற்கரை மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. விளக்கம் இத்தனை எளிதாகக் கிடைத்துவிட்டால் நம் அறிஞருக்குப் பிழைப்பு என்னாவது? 'டமால்' என்பது தமிழர் விழும்போது எழும் ஒலி. எனவே முதன்முதலில் அங்கே விழுந்தவர் தமிழர். அவர் விழுந்த ஒலியே மலைக்குப் பெயராயிற்று என்று நிறுவும் கட்டுரை எந்தப் பன்னாட்டுக் கருத்தரங்க மலரிலும் இன்னும் என் கண்ணில் படவில்லை. கட்டணம் கட்டினால் படும்.

3. விழுதலின் வகை

விழுதல் நால்வகைத்து. அவையாவன:

சாய்விழுதல்: நின்ற இடத்திலேயே விழுவது. பார்க்க ஆள் இருந்தால் மட்டும் நிகழும்.

வழுக்குவிழுதல்: பாசி, ஈரவேர், சாணம் ஆகியவற்றால் வருவது.

பின்விழுதல்: ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்வதால் வருவது.

முன்பாய்தல்: ஆய்வுக்குட்பட்டவர் நிகழ்த்திக் காட்டியது.

இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்சக்கரத்தின் மேல் வந்து குவியும். முன்பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் பின்சக்கரம் தரையை விட்டெழும். அதன்பின் வண்டியும் ஆளும் முன்சக்கரத்தைத் தாண்டித் தலைகுப்புறக் கவிழ்வதுதான் பாக்கி. இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, உடம்பைத் தாழ்த்தி, விரலை இதமாக அழுத்தினால் தப்பலாம். ஆய்வுக்குட்பட்டவர் இவற்றுள் எதையும் செய்யாமல் ஆய்வுக்கு உதவினார். சக்கரம் நின்றது, அவர் நிற்கவில்லை.

ஒப்பியல் நோக்கு: நம் ஊர்ச் சைக்கிளில் முன்பிரேக் வலக்கையில் இருக்கும்; அமெரிக்காவில் இடக்கையில். ஆகவே நாம் வலக்கையால் விழுகிறோம், அவர்கள் இடக்கையால் விழுகிறார்கள். ஒப்பியல் துறைகள் இதைவிடப் பெரிதாக எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

4. காறை எலும்பு

தோள் தரையில் மோதினால் அடி வந்து சேரும் இடம் இது. ஆங்கில எஸ் எழுத்தைப்போல வளைந்தது. பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் முறியும். பெரியவர்களுக்கு ஒட்டிச் சேர 6 முதல் 12 வாரம் ஆகும். தாய் வயிற்றில் மற்ற எலும்புகளுக்கெல்லாம் முன்னால் எலும்பாகத் தொடங்குவது காறை. வேலையை முழுதாக முடிப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில், இருபதுகளின் நடுவில். முதலில் பதிவுசெய்து கடைசியில் முடிக்கும் இவ்வகையினரைப் பல்கலைக்கழகங்கள் நன்கறியும்.

5. ஓய்வுவாதமும் பிற வாதங்களும்

வீட்டில் மூன்று வாதங்கள் நிலவின.

ஓய்வுவாதம்: "அசையாம படுத்துக் கெட. எழுந்தா எலும்பு நகந்துடும்" (ஆய்வுக்குட்பட்டவரின் அக்காள், நேர்ப்பேச்சு, படுக்கையறை வாசல்).

புத்தூர்வாதம்: ஆந்திரத்துப் புத்தூருக்குப் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம் (மூன்றாம் மாடி மாமி, லிஃப்ட் உரையாடல், தரைத்தளம் முதல் மூன்றாம் தளம் வரை, இடையில் மின்தடை).

சூப்புவாதம்: விவாதிக்கப்படவில்லை, குடிக்கப்பட்டது.

ஓய்வுவாதத்தை மறுக்க வலுவான சான்று உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் நல்ல ஆரோக்கியமுள்ள இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி அழைத்துப் பார்த்தார்கள். உடல் உழைக்கையில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனை முப்பதாண்டு மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. ஆய்வுக்குட்பட்டவர் இதை அக்காளுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். "அவங்க யாரும் மலைலேர்ந்து விழலியேடா" என்றாள். முறையியலைக் குறிவைத்த இத்தகைய கூரிய கேள்வியை முனைவர் பட்டத் தேர்வுகளில்கூட நான் கேட்டதில்லை.

ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதிவைத்தது இன்னொரு சான்று: எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும், சுமையே விழாவிட்டால் மெலியும். மருத்துவர் இரு தரப்பையும் ஒரே மூச்சில் முடித்தார்: "தோளுக்குத்தான் ரெஸ்ட், உங்களுக்கு இல்ல. விரலை மடக்கி நீட்டுங்க, முழங்கையை அசைங்க, தினம் நடங்க. நான் சொல்ற வரைக்கும் அந்தக் கையால எதையும் தூக்காதீங்க."

இங்கேயே கட்டுரை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கம் போதாது.

6. எட்டியல்

காறை முறிந்தால் இரு தோளையும் வளைத்து முதுகில் எட்டு வடிவமாகக் கட்டுவது பழைய வழக்கம். இன்றும் கட்டுவோர் உண்டு. 1987இல் டென்மார்க் மருத்துவர்கள் எட்டுக்கட்டையும் சாதாரண ஸ்லிங்கையும் ஒப்பிட்டு, பலன் இரண்டிலும் ஒன்றே, தொல்லை ஸ்லிங்கில் குறைவு என்று கண்டார்கள். ஆய்வுக்குட்பட்டவருக்கும் ஸ்லிங்தான் வாய்த்தது. ஆனால் எட்டு அழிவதில்லை, இடம்தான் பெயரும். இஃது இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு. முதுகில் இடம் கிடைக்காத எட்டு மொட்டைமாடிக்கு ஏறியது.

எட்டு நடையை அறியாதார் தமிழகத்தில் இல்லை. தரையில் எட்டு வரைந்து அதன்மேல் காலையும் மாலையும் நடக்க வேண்டும். வாகன அலுவலகத்தில் எட்டுப் போட்டால் லைசென்ஸ் கிடைக்கும், மாடியில் போட்டால் ஆயுள் கிடைக்கும் என்பது கொள்கை. சித்தர் அருளியது என்பார்கள். எந்தச் சித்தர் என்று கேட்பது நாகரிகமன்று.

மருத்துவர் சொன்னது நடக்க மட்டும்தான். ஆனால் ஆய்வுக்குட்பட்டவர் மாடியில் நடப்பதைக் கண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாக்பீஸுடன் ஏறிவந்து எட்டு வரைந்தார். அன்று தொடங்கியது சிக்கல்.

முதற்சிக்கல், திசை. எட்டு வடக்குத் தெற்காக அமைய வேண்டும் என்பது விதி. எங்கள் மாடியிலோ வடக்கில் தண்ணீர்த் தொட்டி, தெற்கில் டிஷ் ஆன்டெனா. எனவே எட்டு தென்மேற்காகச் சாய்ந்தது. சாய்ந்த எட்டு பலன் தராது என்பார் ஒரு சாரார். அற்றன்று. என்னை? நடப்பவன் கால் திசையறியாது, தலைசுற்றல் ஒன்றையே அறியும் என்க.

இரண்டாம் சிக்கல், சுழி. வலஞ்சுழியாகச் சுற்றுவதே கோயில் முறை என்றது ஒரு கட்சி. முறிந்தது இடப்பக்கம், எனவே இடஞ்சுழியே மருந்து என்றது மறுகட்சி (இரண்டாம் தளத்து வங்கி ஊழியர், குடியிருப்போர் சங்க வாட்ஸாப் குழு, குரல்பதிவு, முதற்பகுதி, இரண்டாம் பகுதியை அவரே அழித்துவிட்டார், மூன்றாம் பகுதியில் குக்கர் விசிலால் சில சொற்கள் சிதைந்துள்ளன, விசில் மூன்று என்று பாடம், நான்கு என்றும் பாடபேதம்). எட்டில் ஒரு வட்டம் வலஞ்சுழி என்றால் மறுவட்டம் தானே இடஞ்சுழியாகிவிடும், ஆகவே இருவர் சொல்வதும் சரி என்று நான் சமாதானம் சொன்னேன். இருவருக்கும் கோபம் வந்துவிட்டது. வெற்றியைப் பங்குபோட்டுக்கொள்வது ஆய்வுலக மரபில் இல்லை.

மூன்றாம் சிக்கல், எண். நான்காம் தளத்துத் தமிழார்வலர் மாடிக்கு வந்து பார்த்தார். "இது யார் எட்டு?" என்று கேட்டார். தமிழெண்ணில் எட்டு என்பது ௮, அகரத்தின் வடிவம். தமிழன் நடந்தால் ௮ நடக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பழைய எட்டு ஈரத்துணியால் துடைக்கப்பட்டு ௮ வரையப்பட்டது. ஆய்வுக்குட்பட்டவர் சுழியில் தொடங்கினார், வளைந்தார், குறுக்கே வந்தார், கடைசிக் கோட்டில் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றார். ௮ மூடிய வடிவமன்று. போனவர் திரும்ப வழி இல்லை. வந்த வழியே திரும்பினால் அகரத்தைத் தலைகீழாக எழுதிய குற்றம் வரும். சுவரருகே நிற்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி சுழியில் விடலாம் என்றொரு யோசனை பிறந்தது (இஸ்திரிக்காரர், வாய்மொழி, தள்ளுவண்டியில் பழைய நாளிதழ்ப் பொட்டலத்தில் இதற்கு அரண்செய்யும் குறிப்பு ஒன்று இருந்ததாகவும், அதில் போண்டா மடித்துக் கொடுத்துவிட்டதாகவும் தெரிவித்தார், எண்ணெய் ஊறிய பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்ததில் 'எட்' என்ற இரு எழுத்துகள் மட்டும் தேறின, அவை 'எட்டு' என்பதன் எச்சமா, 'எட்டுக்கால்பூச்சி' என்பதன் எச்சமா என்பது தனி நூலாக எழுதத்தக்கது, எழுதப்படும்).

இந்த மூன்று சிக்கலையும் தீர்த்தவர் மூன்றாம் மாடி மாமி. எண்ணியலில் அவருக்கு ஈடுபாடு இல்லை. வெயில் வந்ததும் வெள்ளை வேட்டி இரண்டை மாடி நடுவில் விரித்து வடாம் பிழிந்தார். "மிதிச்சுடாம நட" என்று ஒரே விதி விதித்தார். ஒரு வேட்டியைச் சுற்றி, இடையில் புகுந்து, மறுவேட்டியைச் சுற்றிவந்த ஆய்வுக்குட்பட்டவரின் கால்கள் தாமாகவே எட்டுப் போட்டன. காக்கை விரட்டும் பொறுப்பும் அவருக்கே வந்ததால் வலக்கைக்கும் வேலை கிடைத்தது. திசையை வடாம் தீர்மானித்தது. சுழியைக் காக்கை தீர்மானித்தது.

7. மறுகைக் கோட்பாடு

காக்கை விரட்டிய வலக்கையால் இடக்கைக்கு என்ன பயன்? உண்டு. 1894இல் யேல் பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்கிரிப்சரும் அவருடன் பணியாற்றிய இரு பெண்களும் வெளியிட்ட ஆய்வு இது: ஒரு கையை அழுத்திப் பழக்கினால் பழக்காத மறுகையும் வலுப்பெறுகிறது. தசை வளர்வதால் அல்ல, நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால். கட்டுப்போட்ட கையின் பலம் இறங்காமல் பார்த்துக்கொள்ள மறுகைக்குப் பயிற்சி கொடுக்கும் உத்தி இன்றும் உண்டு. இக்கட்டுரையிலேயே நம்ப முடியாதது இதுதான். இது முழு உண்மை.

இதை நீட்டித்து, அக்காள் கிரைண்டர் கல்லைத் தூக்கினால் தம்பிக்கும் வலு ஏறாதா என்று ஆய்வுக்குட்பட்டவர் வினவினார். உடன்பிறப்பு வரை நரம்பு நீளாது என்பது அக்காளின் நிலைப்பாடு. உடன் கரண்டியும் காட்டினாள்.

துணி உலர்த்தப் பயன்பட்டுவந்த வீட்டு உடற்பயிற்சிச் சைக்கிளும் இக்காலத்தில் மீட்கப்பட்டது. இதில் முன்பாய முடியாது. முயன்று பார்க்கப்பட்டது.

8. முடிவுரையும் வாய்மொழித் தேர்வும்

எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருந்தது. சூப்பால் சேர்ந்தது என்றனர் சூப்புவாதிகள். ஆரம்பத்தில் அதட்டிப் படுக்கவைத்ததால் சேர்ந்தது என்றனர் ஓய்வுவாதிகள். புத்தூர் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் சேர்ந்திருக்கும் என்று தோற்ற கட்சியும் வெற்றியில் பங்கு கேட்டது. எலும்பு எந்தக் கட்சியையும் ஆதரித்து அறிக்கை விடவில்லை.

வாய்மொழித் தேர்வு எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. புறத்தேர்வாளராகத் தலைமையாசிரியர் வந்தார். ஆய்வேட்டைக் கையில் எடுத்து எடைபார்த்தார், கேசரியை முடித்தார், கேள்விக்கு வந்தார். "சங்க இலக்கியத்தில் காறை எலும்பு என்று ஓர் இயல் இல்லையே?" என்றார். சேர்த்துவிடுகிறேன் ஐயா என்றேன். "மேலாய்வுக்கு இடம் உண்டா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஆய்வுக்குட்பட்டவர் முந்திக்கொண்டார்: "உண்டு சார். புதுசா டிஸ்க் பிரேக் மாட்டியிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை கோத்தகிரி."

அக்காள் சமையலறையிலிருந்து வந்த வேகத்தில் அவை கலைந்தது. பட்டம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.